லக்ஷபான பள்ளத்தாக்கில் ஒரு பாடம்



கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் மேற்கே இருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு வருவதுபோல் அது வீசும். வாசல் மணல் சுடும், தென்னோலை காயும், பகலெல்லாம் மின்விசிறியின் கீழே ஒதுங்கிக் கிடப்போம். 2024 ஜூலையில் அப்படியொரு பகற்பொழுதில்தான் என் தங்கையின் மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, எனக்கு இஞ்ச இருக்க ஏலாது. வாப்பாக்கிட்டச் சொல்லாதீங்க. நான் வீட்ட வரப்போறன்" என்றான். குரல் உடைந்திருந்தது.

அவன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பவன். எங்கள் குடும்பத்தில் பொறியியல் படிக்கப் போன முதல் பிள்ளை. அவனுடைய வாப்பா, அதாவது என் மச்சான், கல்லோயாத் தண்ணீரில் வேளாண்மை செய்பவர். தன் கண்டத்துக்கு வட்டவிதானையாகவும் இருக்கிறார். தகப்பன் தண்ணீரை வயலுக்குப் பங்கிடுகிறார், மகன் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கப் படிக்கிறான் என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளை தொழிற்பயிற்சியின் ஐந்தாவது வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன் என்றால் யாருக்கு மனம் கேட்கும்? "நான் வரும்வரை பொறு" என்று சொல்லிவிட்டு மறுநாள் ஸுப்ஹுத் தொழுகையோடு புறப்பட்டேன்.

பொறியியல் மாணவர்களுக்கு விரிவுரை மண்டபப் படிப்பு மட்டும் போதாது. படிப்பின் இடையே சில மாதங்கள் ஒரு தொழிலிடத்தில் நின்று பழக வேண்டும். வெளிநாடுகளில் இதைக் கோடைகாலப் பயிற்சி என்பார்கள். எங்கள் நாட்டில் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையோடு இணைந்து பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. மாணவன் ஒவ்வொரு நாளும் தான் செய்ததையும் கண்டதையும் பயிற்சி நாட்குறிப்பில் எழுத வேண்டும். பொறுப்பான பொறியியலாளர் அதைப் பார்த்து ஒப்பமிடுவார். முடிவில் ஓர் அறிக்கையும் அதன்மேல் வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. என் மருமகனுக்கு லக்ஷபானத் தொகுதியில் உள்ள நீர்மின் நிலையங்களில் ஒன்றில் 12 வாரம் கிடைத்திருந்தது. அது எந்த நிலையம் என்று நான் குறிப்பிடப் போவதில்லை. காரணம் போகப்போக உங்களுக்கே விளங்கும்.

அம்பாறை, மஹா ஓயா, மஹியங்கனை என்று பஸ் ஓடியது. மஹியங்கனை தாண்டி அந்தப் பதினெட்டு வளைவு ஏறும்போது எங்கள் பக்கத்துச் சூடு ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அன்றிரவு கண்டியில் தங்கி, காலையில் புகையிரதம் எடுத்தேன். கம்பளை, நாவலப்பிட்டி வரை பெரிய மாற்றமில்லை. நாவலப்பிட்டிக்கு அப்பால் ரயில் மூச்சு வாங்கி ஏறத் தொடங்கியதும் தேயிலையும் மூடுபனியும் இரு பக்கமும் நெருங்கி வந்தன. வட்டவளையில் மழை பிடித்தது. அதன்பின் நான் அந்த மலையை விட்டு இறங்கும்வரை மழை முழுதாக ஓயவில்லை.

ஜன்னலோரம் இருந்த பெரியவர் ஒருவர் "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். "அங்கெல்லாம் இப்ப வெயிலா?" என்றார். அந்தக் கேள்வியில்தான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று இந்த மலைகளின் மேற்குச் சரிவில் மோதி, தன்னிடமுள்ள ஈரத்தையெல்லாம் இங்கேயே கொட்டிவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு மலையைத் தாண்டி இறங்கி, காய்ந்து சூடாகி, கச்சானாக எங்கள் வாசலுக்கு வருகிறது. நாங்கள் ஏசிக்கொண்டிருந்த அதே காற்றுத்தான் இங்கே மழையாகப் பெய்துகொண்டிருந்தது.

ஹட்டன் பள்ளிவாசலில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டு நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவும் லயன் வீடுகளும், மறுபக்கம் கீழே பள்ளம்.

இந்தப் பள்ளத்தாக்கின் கதையை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. இங்கே கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்று இரண்டு ஆறுகள். இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகின்றது. 1874 இல் பிறந்த டீ.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், இந்த ஆறுகள் மலையிலிருந்து விழும் வேகத்தைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று 1918 இல் கொழும்பில் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். அன்று அதை ஏற்றவர்கள் குறைவு. 1920களில் வேலை தொடங்கி, பணமில்லை என்று நின்றுபோனது. கடைசியில் 1950 இல்தான் பழைய லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்போது அவருக்கு 76 வயது. மூன்று வருடங்களின்பின் காலமானார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் தொடங்கியதும் அதே 1950 இல்தான். ஆரம்பத்தில் கொழும்பில் இருந்த அந்தப் பீடம் பிறகுதான் பேராதனைக்கு வந்தது.

கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969 இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் கட்டப்பட்டன. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பழைய கட்டடங்களின் இடிபாடுகள் இன்றும் தலை காட்டுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது: இங்கே ஒரே தண்ணீர் பல முறை வேலை செய்கிறது. காசல்ரீத் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்திலும், பிறகு பழைய லக்ஷபானவிலும், அதன்பின் பொல்பிட்டியவிலும் டர்பைனைச் சுற்றுகிறது. மவுசாக்கலைத் தண்ணீர் கென்யோன், புதிய லக்ஷபான ஆகிய இரண்டையும் சுற்றிவிட்டு அதே பொல்பிட்டியவுக்கு வந்து சேர்கிறது. அதன்பின் களனி கங்கையாக ஓடி, அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மக்களின் குடிநீராகவும் ஆகிறது. படைத்தவன் ஒரு துளியையும் வீணாகப் படைக்கவில்லை என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே அதைக் கண்ணாலேயே கண்டேன்.

மருமகன் பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நின்றான். மெலிந்திருந்தான். பயிற்சி மாணவர்கள் தங்கும் அறைக்குக் கூட்டிப்போனான். சுவரெல்லாம் ஈரம். காலில் அட்டை கடித்த தழும்பு. தானே சமைத்துத் தின்கிறான்: சோறு, பருப்பு, வீட்டிலிருந்து உம்மா அனுப்பிய கருவாடு. குளிரோ சாப்பாடோதான் பிரச்சினை என்று நான் நினைத்தேன். இரண்டும் இல்லை. பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னான்.

மின்நிலையத்தில் இரவு பகலாக ஆட்கள் முறை மாறி வேலை செய்வார்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் கீழ்த்தளத்துக்கு இறங்கி, எண்ணெய் மட்டம், குளிர்நீரின் அழுத்தம், சுழலும் தண்டைத் தாங்குகின்ற பெயாரிங்கின் வெப்பம் முதலியவற்றை மானிகளில் பார்த்து லொக் புத்தகத்தில் எழுதி ஒப்பமிட வேண்டும். இரவு ஷிப்டில் அந்த வேலையை மூத்த ஒபரேட்டர் ஒருவர் இவனுக்குப் பழக்கியிருந்தார். அன்றிரவு 12 மணிக்குப் பெயாரிங் வெப்பம் 54 பாகை. 1 மணிக்கும் 54. 2 மணிக்கு இவனுக்குத் தூக்கம் கண்ணை மூடியது. கீழே இறங்காமலேயே மூன்றாவது 54 ஐ எழுதி ஒப்பமிட்டுவிட்டான்.

ஒபரேட்டர் புத்தகத்தைப் பார்த்தார். "தம்பி, கீழ போனீங்களா?" என்று மட்டும் கேட்டார். இவன் பேசவில்லை. அவர் கோபிக்கவில்லை. இவனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். மானியைப் பார்த்தார்கள்.

"மாமா, அதுவும் 54 தான்!" என்றான் மருமகன். "நான் எழுதினது சரி. ஆனா அவர் அந்த இலக்கத்துக்கு மேல ஒரு கோடு போட்டாரு. 'பார்க்கப்படவில்லை' எண்டு எழுதி, என்னையே ஒப்பம் வைக்கச் சொன்னாரு. அத நாட்குறிப்பிலயும் எழுது எண்டாரு. எழுதினா எஞ்சினியர் பார்ப்பாரு. பரீட்சையில கேட்பாங்க. சரியான இலக்கத்துக்கு எதுக்கு மாமா இந்தத் தண்டனை?"

வாசகர்களே, நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் அனுமதி பெற்று நிலையத்தைப் பார்க்கப் போனோம். மலையுச்சியிலிருந்து பெரிய இரும்புக் குழாய்கள் செங்குத்தாக இறங்கி வருகின்றன. வீழ்ச்சியின் உயரம் அதிகமான நிலையங்களில் அந்தத் தண்ணீர் ஒரு சிறு வாயினூடாகப் பீறிட்டு, சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக உள்ள இரட்டைக் கிண்ணங்களில் அடிக்கிறது. உயரம் குறைந்த இடங்களில் வேறு விதமான சக்கரம். எப்படியானாலும் சக்கரம் சுற்ற, அதே தண்டிலுள்ள ஜெனரேட்டர் சுற்றுகிறது. நாடு முழுவதிலுமுள்ள பெரிய ஜெனரேட்டர்கள் ஒரே தாளத்தில், செக்கனுக்கு 50 முறை என்ற அலைவில் ஓட வேண்டுமாம். ஜமாஅத்துத் தொழுகையில் ஸஃப்பு நிற்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே நிற்கும்போது சத்தம் காதில் மட்டும் கேட்பதில்லை, பாதத்தின் வழியே ஏறி நெஞ்சுக்குள் அதிர்கிறது.

அந்த ஒபரேட்டர் மலையகத் தமிழர். பாட்டனார் பழைய மஸ்கெலியாவில் சிறு கடை வைத்திருந்தவராம். கடை இருந்த இடம் இப்போது தண்ணீருக்கு அடியில். "வாங்க மௌலவி ஐயா" என்று மரியாதையாக வரவேற்றார். நான் அந்த 54 பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி நல்ல புள்ளைங்க ஐயா. படிச்ச புள்ள. ஆனா பாருங்க, பெயாரிங் ஒரேயடியா சூடாகாது. இன்னைக்கு 54. நாளைக்கு 55. அதுக்கடுத்த நாள் 56. அந்த ஒண்ணு ஒண்ணு ஏறுறதத்தான் இந்தப் புத்தகம் புடிக்கணும். முன்னால இருக்கிறதப் பாத்து எல்லாரும் 54, 54னு எழுதிக்கிட்டே போனா, மெசின் புகையும்போதுதான் தெரியும்."

"மேலே கணினித் திரையிலும் அந்த வெப்பம் தெரிகிறதே?" என்று கேட்டேன். மருமகனும் அதைத்தான் சொல்லியிருந்தான்.

"தெரியுதுங்க. அது ஒரு கம்பி வழியா வர்ற சேதி. கம்பியும் பொய் சொல்லும். நான் இறங்கிப் போயி கண்ணால பாக்கிறது இன்னொரு சேதி. போறப்ப எண்ணெய் ஒழுகுதா, வாசம் மாறியிருக்கா, சத்தம் மாறியிருக்கானு எல்லாம் தெரியும். ரெண்டு சேதியும் ஒத்துப்போனாத்தான் நாங்க நிம்மதியா இருக்கலாம். தம்பி எழுதின இலக்கம் சரிதாங்க. ஆனா அது மெசினோட சேதி இல்ல, தம்பியோட ஊகம். அந்தப் பக்கத்தில ஊகத்துக்கு எடமில்ல."

அன்பர்களே, நான் அரபுக் கல்லூரியில் பல வருடங்கள் ஓதியவன். இன்று அங்கே ஓதிக்கொடுப்பவன். ஹதீஸ் கலையின் முதல் பாடங்களில் ஒன்று ஸனத், அதாவது அறிவிப்பாளர் வரிசை. ஒரு வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் கருத்து எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கேட்காததைக் கேட்டேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால் நம் இமாம்கள் அதைத் தள்ளிவிடுவார்கள். கருத்துச் சரிதானே என்று விட்டுவிட மாட்டார்கள். சொன்னது யார், யாரிடமிருந்து கேட்டார், நேரில் கேட்டாரா என்று தேடுவார்கள். இதற்காக ஊர் ஊராகப் பிரயாணம் செய்திருக்கிறார்கள். இதை நான் எத்தனை வகுப்புகளில் நடத்தியிருப்பேன்! ஆனால் அரபு ஓதாத ஒரு மலையகத் தொழிலாளி, எண்ணெய் படிந்த ஒரு லொக் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே எனக்குத் திரும்பவும் நடத்தினார்.

இனி, நான் பிறகு சொல்வதாகச் சொன்ன விஷயம். சில வருடங்களுக்கு முன், தவணை முடிவில், ஹிப்ழு மாணவர் ஒருவரின் மீட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து ஜுஸ்உ ஓத வேண்டும். இரவு நேரம், களைப்பு. இடையிலே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவர் முடித்திருந்தார். நன்றாக ஓதும் மாணவர்தான். பதிவேட்டில் "ஐந்து ஜுஸ்உ கேட்கப்பட்டது, பிழையில்லை" என்று எழுதி ஒப்பமிட்டேன். கேட்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மாணவருக்கும் தெரிந்திருக்கும்.

அன்றிரவு அறையில் இதை மருமகனிடம் சொன்னேன். அறிவுரை சொல்ல வந்தவன் நான். கடைசியில் என் குற்றத்தை அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து நாட்குறிப்பை எடுத்து, அந்தத் தேதியின் கீழே எழுதத் தொடங்கினான். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. காலையில் அவனே காட்டினான். நாலு வரிதான். இறங்கிப் பார்க்காமல் எழுதினேன், கோடிடப்பட்டது, பின்னர் பார்த்தேன், 54 பாகை என்று இருந்தது. சாக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நான் திரும்பிவந்து ஒரு வாரத்தின் பின் தொலைபேசியில் அழைத்தான். பொறியியலாளர் நாட்குறிப்பை வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாராம்: "வெப்பம் மாறாமலே இருக்கும்போது எதற்காக மணிக்கொருமுறை பார்க்கிறோம்?" ஒபரேட்டர் சொன்னதை இவன் தன் வார்த்தையில் சொல்லியிருக்கிறான். அவர் ஒப்பமிட்டுவிட்டு, அடுத்த வாரம் முதல் கடந்த மாதங்களின் லொக் புத்தகங்களிலிருந்து வெப்ப ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கும் வேலையை இவனிடம் கொடுத்தாராம். "மாமா, இப்பதான் எனக்கு வேலை கிடைச்ச மாதிரி கிடக்கு" என்றான். 12 வாரத்தையும் முடித்தான். வாய்மொழிப் பரீட்சையில் அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குச் சற்று ஏமாற்றம்கூட!

நானும் என் பங்கைச் செய்தேன். அந்தப் பழைய மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாக இருக்கிறார். தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "ஹஸரத், அன்று நானும் ஓரிடத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன். நீங்கள் தூங்கியதால் தப்பினேன். அந்த இடம் இன்றும் எனக்குச் சற்றுத் தடுமாறும்" என்றார். என் ஒப்பத்தை நம்பி அவரைத் தொழுவிக்க வைத்த ஊராரை நினைத்தபோது எனக்கு வியர்த்தது. அடுத்த விடுமுறையில் அவர் வந்தார். ஐந்து ஜுஸ்உவையும் முழுதாகக் கேட்டேன். தடுமாறிய இடத்தைத் திருத்தினோம். பதிவேட்டின் பழைய வரியில் ஒரு கோடு போட்டு, அதன்கீழ் புதிய தேதியை எழுதினேன்.

கடைசியில் மச்சானுக்கும் விஷயம் தெரியவந்தது. மகனே சொன்னான். மச்சான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். "கடைசி வயலுக்குத் தண்ணி போயிருக்கும் எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்ல. நடந்து போய்ப் பார்த்துப்போட்டுத்தான் சொல்லுவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் இத்தனை தூரம் பிரயாணம் செய்து படித்த பாடம் அவருடைய வரம்பிலேயே கிடந்திருக்கிறது!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளும் பயிற்சிக்கென்று தூர இடங்களுக்குப் போகலாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, கொடுப்பனவு எவ்வளவு என்று நாம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அதோடு, "இன்று உன் கண்ணால் எதைப் பார்த்தாய்?" என்றும் கேளுங்கள். பிழை செய்தேன் என்று சொன்னால் பதறிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் அவர்களுக்கு நாம் தேவைப்படுகிறோம்.

இதை எழுதும்போது எங்கள் ஊரில் மீண்டும் கச்சான். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. 2022 மார்ச் மாதத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்தால் இதன் அருமை விளங்கும். அந்த மலையில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கும். யாரோ ஒருவர் கையில் விளக்கோடு கீழ்த்தளத்துக்குப் படியிறங்கிக்கொண்டிருப்பார். அவருக்காகவும், அவரிடம் பழகும் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.